தப்புச் சத்தத்துக்குப் பேர் போட்டது யார்?

மாசி மாதம் காமன் கூத்து நடக்கிற தோட்டம் ஒன்றுக்குப் போயிருக்கீங்களா? பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. கூத்து தொடங்குறதுக்கு முன்னால லயத்துப் பக்கமா ஒரு சின்ன நெருப்பு மூட்டுவாங்க. தப்புகளை அந்தச் சூட்டில் காட்டுவாங்க. ஊவாவின் பனியில் தோல் சீக்கிரம் தளர்ந்துபோகும், அதனால சூடு காட்டாம சத்தம் எழும்பாது. தோல் இறுகினதும் ஒருத்தர் மட்டும் தன் தப்பில் ரெண்டு அடி அடிச்சுப் பார்ப்பார். காதைச் சாய்ச்சுக் கேட்பார். போதும் என்று அவர் தலையாட்டின பிறகுதான் மற்றவங்க கையில் குச்சி எடுப்பாங்க.

இந்தக் கட்டுரை அந்த ஒருத்தரைப் பற்றியது.

மேடை, லைட், கிட்டார், கீபோர்ட் எல்லாம் இருந்தால்தான் ‘இசைக்குழு’ என்று நாம நினைக்கிறோம். ஆனா பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் நீண்ட காலம் உடையாம ஓடின இசைக்குழு எது என்று கேட்டால், பதில் தப்புக் குழுதான். அதுக்கு போஸ்டர் கிடையாது, கேசட் கிடையாது. அப்பாவிடம் இருந்து மகனுக்கு, மாமனிடம் இருந்து மருமகனுக்கு என்று கை மாறி வந்தது. அதை நடத்தினவர்களின் வாழ்க்கை எங்கேயும் எழுதப்படவில்லை. ஏன் எழுதப்படவில்லை என்பதுதான் நம்ம கேள்வி.

விடியுமுன் கேட்ட சத்தம்

1820களில் கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினாங்க. மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த கதையை 2023இல் ‘மலையகம் 200’ நடைபயணத்தின்போது நிறையப் பேர் திரும்பப் பேசினோம். ஊவாவுக்கு வந்தவர்கள் அங்கிருந்து இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. ரயில் பாதை பண்டாரவளையைத் தாண்டி பதுளைக்கு வந்து சேர்ந்ததே 1924இல்தான். இன்றைக்கு சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் அந்தப் பாதைக்காகக் கட்டினது.

வந்தவர்கள் கொண்டுவந்த பொருள் அதிகம் இல்ல. ஆனா ஊரில் தெரிஞ்ச கூத்தும் பாட்டும் தப்பும் கூடவே வந்தது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று மலையகத்தில் இன்றும் சொல்லப்படுகிற கூத்துகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

தோட்ட நிர்வாகம் அந்தத் தப்பைத் தனக்கு வசதியா எடுத்துக்கிட்டது. மணிக்கூடு இல்லாத லயத்தில் ஆட்களை எழுப்ப வேண்டும். விடியுமுன் தப்படிச்சு எழுப்பினாங்க. அதுக்குப் பேர் பிரட்டுத் தப்பு. சத்தம் கேட்டதும் எழும்பி பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைக்கு வேலை கிடைக்குமா என்பதே சந்தேகம். பிந்திய காலத்தில் சங்கும் மணியும் அந்த வேலையை எடுத்துக்கிட்டது.

இதில் ஒரு கசப்பு இருக்கு. கூத்தில் ஆட்டத்துக்காகத் தட்டின கருவி, காலையில் கங்காணிக்காகத் தட்டப்பட்டது. ரெண்டையும் தட்டினவர் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். நம்ம தாத்தா பாட்டிக்கு அந்தச் சத்தம் சந்தோசமாகவும் பயமாகவும் ஒரே நேரத்தில் இருந்திருக்கும்.

குழுவை நடத்துவது என்றால் என்ன?

தப்பு என்பது வட்டமான மரச் சட்டத்தில் தோலை ஒட்டிச் செய்வது. புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுவாங்க. ரெண்டு குச்சி: ஒன்று தடித்தது, மற்றது மெல்லிசா நீளமானது. பார்க்க எளிமையான கருவி. ஆனா நாலைந்து பேர் சேர்ந்து அடிக்கும்போது ஒருவர் அடியை நிறுத்தி மாற்ற வேண்டும், மற்றவர்கள் அந்த நொடியே அவரோட போக வேண்டும். சாவுக்கு ஒரு அடி, சாமி ஊர்வலத்துக்கு ஒரு அடி, கூத்துக்குள்ள ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் ஒரு அடி. எல்லாம் முதல் தப்பு அடிக்கிறவரின் மனசில்தான் இருக்கு. நோட்டுப் புத்தகம் கிடையாது.

காமன் கூத்தை எடுத்துக்கோங்க. மாசி மாத அமாவாசையை ஒட்டிக் கம்பம் நட்டுத் தொடங்கி, பௌர்ணமியில் காமனை எரிக்கும் வரை நாட்கணக்கில் ஓடும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்து போவதும், ரதி அழுவதும், பிறகு அவன் உயிர்த்தெழுவதும்தான் கதை. ரதியாக வேஷம் கட்டுவது ஒரு ஆண். தூதன், வீரபத்திரன், எமன் என்று பாத்திரங்கள் வரும். வேஷம் கட்டுபவர்கள் பகல் முழுக்கத் தோட்டத்தில் மலையில் நின்றவர்கள். அவங்களைக் கூட்டி, ஒத்திகை பார்த்து, சண்டை தீர்த்து, யாராவது வராவிட்டால் ஆள் பிடித்து, கூத்தை முடிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். கூத்து வாத்தியாரும் தப்புக் குழுவின் தலைவரும் சேர்ந்துதான் அந்த ஆள். சில இடத்தில் ரெண்டும் ஒருவரே.

ஒரு இசைக்குழுத் தலைவர் வேற என்ன செய்வார்? லண்டனிலும் சென்னையிலும் இருக்கிற தலைவர் செய்வதும் இதுதான். வித்தியாசம், இவருக்கு மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போக வேண்டும்.

எழுதப்பட்டவர்களும் விடுபட்டவர்களும்

மலையக இசை வரலாற்றில் எழுதப்பட்ட பேர்களும் இருக்கு. 1930களில் கோ. நடேசய்யரும் அவரது மனைவி மீனாட்சி அம்மையும் தோட்டம் தோட்டமாகப் போனாங்க. அய்யர் பேசுவார், அம்மை பாடுவார். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டில் தொழிலாளியின் துயரத்தை வைத்துப் பாடினால் கூட்டம் நின்று கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு பத்திரிகையை விட அந்தப் பாட்டுதான் செய்தி. 1940இல் அவருடைய பாட்டுகள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று அச்சில் வந்தது. அச்சில் வந்ததால்தான் இன்றைக்கு நாம அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

சி.வி. வேலுப்பிள்ளை இன்னொருவர். மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்து, ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஜெயித்த ஏழு பேரில் ஒருவர். லயத்துப் பாட்டுகளைக் கேட்டு எழுதிச் சேர்த்தார். அந்தத் தொகுப்பு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் இறந்து மூன்று வருசம் கழிச்சு, 1987இல் புத்தகமானது. அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால் அந்தப் பாட்டுகளில் பாதி காற்றோடு போயிருக்கும்.

ஆனா கவனிங்க. பாட்டின் வார்த்தை தாளில் நிற்கும். தப்பின் அடி தாளில் நிற்காது. பாட்டைச் சேர்த்தவருக்கு நூலில் பேர் இருக்கு. அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் நின்று அடிச்சவருக்கு இல்ல.

போராட்ட வரலாறும் அப்படித்தான். 1940இல் ஊவாவில் தோட்ட வேலைநிறுத்தங்கள் பரவின. பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தாங்க. துரையே அந்தக் குழுவோடு பேசித்தான் தோட்டத்தை நடத்தும் நிலைமை வந்தது. ஆயுதத்தோடு வந்த பொலிஸ்காரர்களிடம் இருந்து தொழிலாளர்கள் ஆயுதத்தைப் பறித்த சம்பவமும் நடந்தது. இதெல்லாம் நமக்குத் தெரியும். காரணம், கட்சிக்காரர்கள் எழுதினாங்க, அரசாங்கம் எழுதியது. பயந்தவர்களும் எழுதுவாங்க, பெருமைப்பட்டவர்களும் எழுதுவாங்க. கூத்தைக் கண்டு யாரும் பயப்படவில்லை. அதனால யாரும் எழுதவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன்

எழுதப்பட்ட ஒரு குழுத் தலைவரின் கதையைப் பார்த்தால், விடுபட்டது என்ன என்று புரியும். அதுக்காகக் கொஞ்சம் கடல் தாண்டி, இன்னொரு தேயிலை மலைக்குப் போவோம்.

தேனிப் பக்கம் பண்ணைப்புரம் என்று ஒரு ஊர். அங்கே பாவலர் வரதராஜன் என்று ஒருவர். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். வரதராஜன் ஆர்மோனியத்தோட மேடை ஏறுவார். சினிமா மெட்டுக்கு அரசியல் வார்த்தை கட்டிப் பாடுவார். கூடவே தம்பிகள். ‘பாவலர் பிரதர்ஸ்’ என்ற அந்தக் குழு பல வருசம் தமிழ்நாட்டின் ஊர் ஊராகப் போனது.

1958இல் கேரளாவில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளம், மூணாறு எல்லாம் நம்ம தோட்டம் மாதிரியே இடம். தேயிலை, லயம், தமிழ்த் தொழிலாளர்கள். அப்போது அங்கே இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசாங்கம் மெல்லிய பெரும்பான்மையில் நின்றது. ஒரு இடமும் முக்கியம். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தமிழ்த் தொழிலாளர்களிடம் போய்ச் சேர மலையாளப் பேச்சு போதாது. வரதராஜன் போனார், தோட்டம் தோட்டமாகப் பாடினார். கட்சி ஜெயித்தது. அந்தப் பயணத்தில் அண்ணனோட போன சின்னப் பையன் ராசையா. பிறகு உலகம் அவரை இளையராஜா என்று கூப்பிட்டது.

1960களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குப் போனாங்க. 1973இல் வரதராஜன் இறந்துபோனார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல். அதாவது, தான் கட்டி வளர்த்த குழுவில் இருந்து வந்த இசை ரேடியோவில் ஊர் முழுக்க ஒலிச்சதை அந்த அண்ணன் கேட்கவே இல்ல.

இப்ப ஒரு கேள்வி. பாவலர் வரதராஜனை நமக்கு ஏன் தெரியும்? அவர் பாட்டுக்காகவா? கொஞ்சம் அதுக்காக. ஆனா உண்மையைச் சொன்னால், அவருடைய தம்பி இளையராஜா என்பதால். தம்பிகள் ஒவ்வொரு பேட்டியிலும் அண்ணனைச் சொன்னாங்க. கங்கை அமரன் சொன்னார், இளையராஜா சொன்னார். அதனால் அண்ணன் வரலாற்றில் நின்றார். தம்பிகள் பண்ணைப்புரத்திலேயே இருந்திருந்தால்? தேவிகுளத்துத் தோட்டத்தில் பாடின ஒரு ஆர்மோனியக்காரராக, கேட்டவர்களின் ஞாபகத்தோட முடிஞ்சிருப்பார்.

ஊவாவில் அப்படி முடிஞ்சவர்கள் எத்தனை பேர்? புகழ் பெற்ற தம்பி இல்லாத அண்ணன்கள்.

குழு உடைந்த காலம்

நம்ம குழுக்கள் சும்மா மறையவில்லை. உடைக்கப்பட்டன.

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானவர்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசுவது. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பங்கு போட்டாங்க. மனுசர்களைத் தலை எண்ணிப் பிரிச்ச கணக்கு அது.

அந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோது ஒரு லயத்துக்குள்ள என்ன நடந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கை. மலையில் இருந்து கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். பிறகு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், அல்லது வேற ஏதாவது ஒரு ஊர். கூத்துக் குழுவுக்கு இது என்ன அர்த்தம்? ரதி வேஷம் கட்டினவர் கோத்தகிரிக்கும், மன்மதன் கட்டினவர் பசறையிலும். முதல் தப்பு அடிச்சவர் போயிட்டால், அவர் மனசில் இருந்த அடிகளும் கப்பல் ஏறிப் போயிடும். ரெண்டு பெட்டிக்குள் அடங்காத சாமான் அது.

பிறகு 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த வருசங்களின் பஞ்சம் வேற. பசியில் இருக்கிறவன் கூத்துக்கு எப்படி விழித்திருப்பான்? 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. ராத்திரியில் சத்தம் போடுவதே பயம் என்று ஆன பிறகு, ராத்திரி முழுக்க அடிக்கிற ஒரு கலை என்ன ஆகும்?

இவ்வளவுக்குப் பிறகும் மாசி மாதத்தில் தப்புச் சத்தம் கேட்குதே, அதுதான் ஆச்சரியம். யாரோ ஒருத்தர் மிச்சம் இருந்தவங்களைச் சேர்த்து, தெரிஞ்ச அடியை வைத்து, திரும்பத் தொடங்கியிருக்கார். ஒருவர் இல்ல, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர்.

“நான் அடிக்க மாட்டேன்” என்கிற மகன்

இனி நாம தவிர்க்கக் கூடாத ஒரு விசயம்.

தப்பை எல்லாரும் அடிக்கவில்லை. அது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலை. கோயில் ஊர்வலத்தில் முன்னால நடக்கலாம், ஆனா உள்ளே போக முடியாது என்று இருந்த காலம் உண்டு. சாவு வீட்டில் அடிக்க வேண்டும், கூலியாகச் சில்லறையும் சாராயமும். ‘தப்படிக்கிறவன்’ என்பது கலைஞனுக்கான பேராக இல்ல, ஏச்சாகத்தான் இருந்தது.

அதனால மகன் படிச்சுட்டு, “நான் அடிக்க மாட்டேன், நீங்களும் போகாதீங்க அப்பா” என்று சொன்னால் அதில் தப்பு எதுவும் இல்ல. அவன் வேண்டாம் என்று சொல்வது கலையை இல்ல, அந்த அவமானத்தை. ‘நம்ம பாரம்பரியம் அழியுது’ என்று புலம்புகிறவங்க முதலில் இதுக்குப் பதில் சொல்ல வேண்டும். பாரம்பரியத்தைக் காப்பாற்றும் பாரத்தை ஏன் எப்பவும் அதே குடும்பமே சுமக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் இதே கருவிக்குப் பறை என்று பேர். அங்கேயும் இதே அவமானம், இதே மறுப்பு இருந்தது. ஆனா கடந்த சில பத்து வருசத்தில் ஒரு திருப்பம் நடந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும், பெண்களும் பறை கற்கத் தொடங்கினாங்க. மேடைக்கும் போராட்டத்துக்கும் அடிப்போம், சாதிக் கடமையாக அடிக்க மாட்டோம் என்று சில குழுக்கள் முடிவெடுத்தாங்க. மதுரைப் பக்கம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான், சமர் கலைக்குழுவை நடத்துகிறவர், 2025இல் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டார். ‘ஆசான்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்க. ஏச்சுச் சொல் இருந்த இடத்தில் மரியாதைச் சொல் வந்து உட்கார்ந்திருக்கு. விருது வந்ததால் சாதி போகவில்லை. ஆனா ஒரு பறைக் குழுத் தலைவரின் வாழ்க்கை எழுதத் தகுந்த வாழ்க்கை என்று ஊர் ஒத்துக்கொண்டது.

நம்ம பக்கமும் தப்பை அடையாளமாக எடுக்கிற இளைஞர்கள் இருக்காங்க. மலையக நிகழ்ச்சிகளில் தப்பு மேடை ஏறுது. நல்லது. ஆனா மேடையில் நாம அடிக்கும்போது, அந்த அடியைச் சாவு வீட்டிலும் கூத்திலும் வருசக்கணக்காகக் காப்பாற்றினவர் மேடைக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அது பழைய கதைதான். பேர் மட்டும் மாறியிருக்கு.

பேர் போடுவோம்

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைஞ்சால் அரைப் பேர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். அந்தக் கணக்குப் புத்தகத்தில் தப்புக் குழுத் தலைவருக்கும் பேர் விழுந்திருக்கும், மலைவெட்டினதுக்கோ, கவ்வாத்துக்கோ. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த மற்ற வேலைக்கு, ஒரு தோட்டத்தின் இசையை ஐம்பது வருசம் கட்டிக் காத்ததுக்கு, அரைப் பேர்கூட விழவில்லை.

அதை இப்ப போட முடியும். பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். உங்க கையில் ஃபோன் இருக்கு. அடுத்த மாசிக்கு முன்னால உங்க தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ முதல் தப்பு அடிக்கிறவரைப் போய்ப் பாருங்க. மரியாதையா, நேரம் கேட்டுப் போங்க. யாரிடம் கற்றீங்க ஐயா? உங்களுக்கு முன்னால யார் நடத்தினாங்க? எத்தனை அடி தெரியும், ஒவ்வொன்றுக்கும் என்ன பேர்? குழுவில் இருந்தவங்க யார் யார் இந்தியாவுக்குப் போனாங்க? எந்த வருசம் கூத்து நின்றது, யார் திரும்பத் தொடங்கினது? உங்க பிள்ளை அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுறீங்களா?

கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வெட்டாம அப்படியே எழுதுங்க. அவர் “வேண்டாம்” என்று சொன்னால் அதுவும் வரலாறுதான். அவர் சம்மதிச்சால் மட்டும் அவர் பேரைப் போடுங்க, அடிகளைப் பதிவு செய்யுங்க. பதிவில் ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் கொடுங்க. நம்மட பக்கத்தில் போட்டுவிட்டு மறந்துபோக அது நம்ம சொத்து இல்ல.

தேவிகுளத்து அண்ணனுக்குப் பேர் சொல்ல தம்பிகள் இருந்தாங்க. ஊவாவின் அண்ணன்களுக்கு இனி நாமதான் தம்பி, தங்கச்சி.